பாடுகிற பாதி நம்மிடம் இருக்கிறது



அருவி ஓயாமல் இரையும் திற்பரப்பில் என்னை இசை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். துணிச்சல்தான்!

சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் சிவாலய ஓட்டம் தொடங்குகிறவர்கள், பன்னிரண்டு சிவாலயங்களில் மூன்றாவதாக வந்து சேருவது இங்குள்ள மகாதேவர் கோவிலுக்கு. கையில் விசிறி, வாயில் ‘கோவிந்தா, கோபாலா’. சிவன் கோவிலுக்கு ஓடுகிறவன் வாயில் கோவிந்தன்! ஒருவன் எடுத்துக் கொடுக்க, நூறு பேர் வாங்கிக்கொள்கிறார்கள். பாட்டு படித்தவர்களா? இல்லை.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 1824 மே 7, வியன்னா. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறுகிறது. காது கேளாத அவரைப் பாடகி கரோலின் உங்கர் கூட்டத்தின் பக்கம் திருப்பி, கைதட்டலைக் காட்டிய கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று வாத்தியக்காரர்களோடு நின்று பாடியவர்களில் பலர் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல, அந்த ஊர் இசைச் சங்கத்து ஆர்வலர்கள். அதை யார் பேசுகிறோம்? சென்னையில் 1893-லேயே தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனும் ஆர்வலர்கள் சேர்ந்து பாடும் அந்த வழியில் வந்ததுதான்.

நான் கிறிஸ்தவ சபைக் கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடியவன். கரும்பலகையில் டோ, ரே, மி என்று சால்ஃபா எழுதிப் போட்டு நாலு பார்ட்டும் கற்றுத் தந்தார்கள். வாத்தியம் இல்லாமல் பாடினால் சுருதி மெல்ல இறங்கும். எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால் ஒருவருக்கும் தெரியாது. ஆர்க்கெஸ்ட்ராவோடு நின்றால் அது நடக்காது. ஓபோ ஒரு சுரம் கொடுக்கும், அத்தனை வயலினும் அதில் சேர்ந்து நிற்கும், நாம் வழுக்கினால் அந்தக் கணமே அம்பலம். இங்கிலீஷ் பாட்டில் ‘ட்’ என்று முடியும் சொல்லை அறுபது பேர் அறுபது நேரத்தில் முடித்தால், ஓட்டுக்கூரையில் மழை விழுந்த மாதிரி இருக்கும். அந்த ஒரு ‘ட்’டுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க நின்றிருக்கிறேன்.

வாத்தியம்தான் நம்மிடம் இல்லாத பாதி. 2005-இல் இளையராஜா மாணிக்கவாசகரின் திருவாசகத்துக்கு இசையமைத்தார். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. 2025 மார்ச் 8-இல் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் நம் பாட்டுக்கு வாத்தியம் தேடிக் கடல் தாண்ட வேண்டியிருந்ததே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்றுக்கொடுக்க சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கியது எனக்குப் பெரிய காரியமாகப் படுவது அதனால்தான். அப்படி ஒரு வகுப்பு குமரி மாவட்டத்துக்கும் வர வேண்டும். வாத்தியம் வாசிக்க வருஷங்கள் ஆகும். குரலுக்கு அத்தனை காத்திருக்க வேண்டியதில்லை, அது ஊருக்கு ஊர் இங்கே கிடக்கிறது.

ஆகவே கேட்கிறேன். சபையில் பாடுகிறவர்களும், சிவாலய ஓட்டத்தில் தொண்டை கட்டுகிறவர்களும் ஒரே கொயராக ஒத்திகைக்கு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே ஒரு நோட்டு இருக்கும், பெயர் எழுதுங்கள். டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறவர்கள் முதலில் வாருங்கள். எந்தக் கொயரிலும் அதற்குத்தான் பஞ்சம்.