சொல்லற்ற குரல்கள்



பிறர் பாடிப் புகழடைந்த பாட்டை மீண்டும் பாடுவோரை நாம் எளிதில் மதிப்பதில்லை. மேனாட்டு மெல்லிசையில் அதையே தொழிலாகக் கொண்ட சேர்ந்திசைக் குழுக்கள் பல உண்டு. உணவு விடுதியில் பேச்சுக்கு இடையூறின்றி ஒலிப்பதற்கென்றே பிறந்தவை என விமரிசகர்கள் அவற்றை ஏளனம் செய்வர். அவற்றுள் ஒன்றான ரே கானிஃப் குழுவைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

1916 முதல் 2002 வரை வாழ்ந்த அமெரிக்கரான கானிஃப், டிராம்போன் என்னும் ஊதுகருவியில் தேர்ந்தவர். அவர் கண்ட உத்தி எளியது. ஆடவர் நால்வரையும் பெண்டிர் நால்வரையும் வாத்தியக் குழுவோடு சேர்த்தார். பெண்களின் குரலை டிரம்பெட்டோடும், ஆண்களின் குரலை டிராம்போனோடும் பிணைத்தார். சொற்களை அறவே நீக்கி, வெறும் அசைகளையே பாடச் செய்தார். பஜனையில் முன்னவர் பாடியதையே மற்றவரும் அதே சுரத்தில் பாடக் கேட்ட நம் செவிக்கு, பல சுரங்கள் ஒரே சமயத்தில் இணைந்து ஒலிப்பது முதலில் புதுமையாகவே இருக்கும். அவ்விணைப்பில் குரல் எது, கருவி எது எனப் பிரித்தறிவது அரிது. 1956-ல் இவ்வாறு பதிவான முதல் இசைத்தட்டில் பலரும் அறிந்த பழம் பாட்டுக்களையே அவர் எடுத்துக்கொண்டார். பாட்டு முன்பே தெரிந்திருந்தால்தானே, சொல் நீங்கியும் அது நிலைத்து நிற்பதைச் செவி உணரும்? அறிந்த பாட்டொன்று அயலூரில் வேற்றுக் குரலில் திடீரெனக் காதில் விழும் இன்பத்தை நீங்கள் அறிவீர்கள்.

பிற்பாடு குழு 25 பேராக வளர்ந்து சொற்களையும் பாடிற்று. 1966-ல் நேர்ந்ததோ நேர்மாறு. ‘டாக்டர் ஷிவாகோ’ திரைப்படத்துக்கு மாரீஸ் ழார் சொல்லின்றி அமைத்த மெட்டுக்கு, பின்னர் பாட்டு எழுதப்பட்டது. அதை இவர்கள் பாட, இசைத்தட்டு பெருவாரியாக விற்றது. சேர்ந்திசைக்கான கிராமி விருதும் கிட்டியது.

இத்தகைய இசையில் பாடகர் எவர் பெயரும் நமக்குத் தெரிவதில்லை. தனிக்குரல் மேலெழுந்தால் அது பிழை. ஆயினும் 1972 ஜனவரி 28 அன்று வெள்ளை மாளிகையில், ஜனாதிபதி நிக்ஸன் முன்னிலையில் பாட நின்ற வரிசையிலிருந்து காரல் ஃபெராசி என்னும் கனடா நாட்டுப் பாடகி, கொலையை நிறுத்துக என்று எழுதிய துணியை விரித்துக் காட்டி, வியட்நாமில் குண்டு வீசுவதைக் கைவிடுமாறு வேண்டினார். பிறகு, அதே வரிசையில் நின்று முதற்பாட்டையும் மற்றவர்களோடு பாடினார். அவரை வெளியேற்றுக என அவையினர் கூவினர். செல்வதே நன்று என்று கானிஃப் கூறவே, அவர் மேடையை விட்டு அகன்றார். எஞ்சியோர் நிகழ்ச்சியைத் தொடர்ந்தனர்.