செவிலியர் கல்வி முடித்தார்க்கு முதற்பணி

(சங்கத்து மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ் கற்பிக்கும் எனக்கு மருத்துவமனையைப் பற்றிப் பேச யாது உரிமையென்று சிலர் வினவலாம். வினவுதல் முறையே. என்பால் பயின்ற பெண்மக்கள் பலர் இத்தொழிலை மேற்கொண்டுள்ளனர். அவர் எழுதியனவும் நேரில் வந்து உரைத்தனவுமே எனக்குள்ள உரிமை. அன்றியும், வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைத்து எண்ணினார். உழை என்பது பக்கம். பக்கத்திலிருந்து மருந்தூட்டும் அவரையே இன்று செவிலியர் என்கிறோம். வீட்டுப் பேச்சில் நர்ஸ் என்கிறோம். ஆதலின் இப்பொருள் தமிழாசிரியனுக்கு முற்றும் புறம்பானதன்று.

பட்டம் பெற்று, மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிந்துகொண்டு ஒருத்தி வீடு திரும்பியதும் நாம் கேட்கும் முதற்கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. கல்விக் கடன் தலைமேல் நிற்கையில் அக்கேள்வியைக் குற்றமென்று யான் கூறேன். ஆயினும் அதற்கு முன்னே கேட்கத்தக்கது ஒன்றுளது. முதல் மூன்று மாதம் அவள் பக்கத்தில் நிற்கப்போகும் மூத்த செவிலியர் யார்? இதனை நம்மில் எவரும் கேட்பதில்லை.

அமெரிக்கச் செவிலியரறிஞர் மார்லின் கிரேமர் என்பார் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் காண்பதற்குமுள்ள வேற்றுமையால் புதியோர் அடையும் திகைப்பை விரித்துரைத்து, அதனால் அவருட் பலர் தொழிலையே துறப்பதையும் காட்டினார். பட்ரீசியா பென்னர் என்பார் 1984-இல், செவிலியர் புதியவர் நிலை தொடங்கி வல்லுநர் நிலை ஈறாக ஐந்து படிகள் ஏறுகின்றனரென்றும், ஒத்த பணியில் இரண்டு மூன்று ஆண்டு நின்றவரே நடுப்படியை எய்துவரென்றும் எழுதினார். ஆகவே பட்டம் பெற்ற அன்று நம் பெண் நிற்பது ஏணியின் அடியிலேயாம்.

என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறேன். ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனை (பெயர் வேண்டா) அவளைச் சேர்த்த ஒன்பதாம் நாளே இரவு டியூட்டியில் தனியே விட்டது. நோயாளிகள் இருபத்திருவர். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். அதே வேளையில் மற்றொருவருக்குச் சலைன் முடிந்து குழாயில் இரத்தம் ஏறுகிறது. கேட்பதற்கு அந்தத் தளத்தில் ஆளில்லை. மருத்துவரை எழுப்ப மாடிக்கும் வார்டுக்குமாக ஓடினாள். எவருக்கும் தீங்கு நேராதது தெய்வாதீனம். அடுத்த மாதம் விலக விரும்பியபோது, சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களைத் தர மறுத்து ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டனர். லாரி ஓட்டிப் பிழைக்கும் அவள் தந்தை வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அப்பெண் ஓராண்டு வீட்டைவிட்டு வெளிவரவில்லை. அவள் திறமைக்கு ஒரு குறையுமில்லை. என் வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தி.

மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவின்படி, பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஒன்றுக்கு ஒருவரும் வேண்டும். நடைமுறை இதற்கு வெகுதூரம் என்பது அனைவரும் அறிந்ததே. எனினும் அளவு தெரிந்திருந்தால், "இரவில் ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கவேண்டும்?" என்று நேர்முகத்தில் கேட்கலாம். எத்தனை வாரம் மூத்தவருடன் இணைத்து வைப்பீர்கள், வார்டு இன்சார்ஜ் இங்கு எத்தனை ஆண்டாக உள்ளார் என்பனவும் அவ்வாறே. இவற்றை அவளே கேட்கட்டும். உடன் செல்லும் தந்தையார் வாளாவிருப்பது நன்று. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மூன்றூரில் விசாரிக்கும் நாம், மகள் இரவெல்லாம் விழித்திருக்கப்போகும் இடத்தைப் பற்றி ஒருவரையும் கேட்பதில்லை. டியூட்டி மாறும் வேளையில் வாயிற்புறத்துத் தேநீர்க்கடையில் அரைமணி நின்று, வெளிவரும் செவிலியர் இருவரைக் கேட்டால் போதும். விளம்பரத்தில் இல்லாத செய்தியெல்லாம் விளங்கும்.

ஊதியத்தையும் விடுவதற்கில்லை. 2016-இல் உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாதென்றும், இருநூறுக்கு மேற்பட்டதில் மாநில அரசுச் செவிலியர்க்கு ஒப்பக் கொடுக்கவேண்டுமென்றும் பரிந்துரைத்தது. கொடாத இடங்கள் பல. ஆயினும் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறதென்று, கற்பிப்போர் இல்லாத இடத்தைத் தேர்வதை யான் ஒப்பேன். வீட்டுக்கு அருகே சிறு நர்ஸிங் ஹோம் போதுமென்னும் தாய்மாரின் அச்சத்தை அறிவேன். அங்கே பில் போடுவதும் மருந்து எடுத்துக் கொடுப்பதுமாக ஆண்டு கழிந்துவிடுகிறது. பெரிய போதனா மருத்துவமனையின் பொது வார்டே முதலாண்டுக்கு ஏற்றதென்பது என் துணிபு. விடுதி எங்கே, இரவில் போக்குவரத்து எவ்வாறு என்பவற்றை மட்டும் முன்னரே தெளிந்துகொள்க.

அரசுப் பணி வேண்டுவோர்க்கு 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமே வழி. ஆங்குத் தேறியோரும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்திற்கு நெடுங்காலம் காத்திருந்ததுண்டு. 2017 நவம்பரில் அன்னோர் சென்னையில் திரண்டு போராடியது நினைவிருக்கலாம். அத்தேர்வை நோக்கி ஈராண்டு வீட்டிலிருப்பது வேண்டா. ஊசி போடாத கை கூசும். வெளிநாடு விழைவோரும் முதலில் இங்கு இரண்டாண்டு நிற்பது நலம், பெரும்பாலான வேலைகட்கு அவ்வனுபவத்தையே கேட்கின்றனர். தரகரிடம் பணங்கொடுக்குமுன், 1978-இல் நம் மாநில அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுக.

இறுதியாக ஒன்று. அசல் சான்றிதழைக் காட்டுங்கள்; நகலைக் கொடுங்கள்; அசலை விட்டுவராதீர்கள். பணி ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பல பக்கமிருக்கும். ஞாயிறுதோறும் காலை பத்துமணிக்குச் சங்கக் கட்டடத்தில், வழக்கறிஞர் ஒருவரும் யானும் அவற்றைப் படித்துப் பொருள் சொல்ல இசைந்துள்ளோம். பெற்றோர் தனியே வராமல் பெண்ணையும் உடனழைத்து வருக, கையெழுத்திடுமுன் வருக.