சொந்த ஊருக்கு எது தேவை?

 

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜிட் இந்தியாவிலும் உணவகமும் துணிக்கடையும் காசு மாற்றுக் கடையும் நடத்திய நம் முன்னோர், பிறந்த ஊரை மறக்கவில்லை. கீழக்கரை, பனைக்குளம், கடையநல்லூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என எந்த ஊருக்குப் போனாலும் இங்கிருந்து சென்ற வெள்ளியின் அடையாளம் உண்டு. இந்தப் பொன்விழா ஆண்டில், எவ்வளவு அனுப்புவது என்று பேசும் முன், எது தேவை என்பதை எப்படி அறிவது என்று பேசுவோம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அங்கே குடிநீருக்காக முன்னோர் வெட்டியது ஊருணி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை, வரத்துக்கால் வழியே ஓடிவந்து அதில் நிறையும். "ஊருணியைத் தூர்வாரப் பணம் வேண்டும்" என்று கடிதம் வந்தால் மகிழ்ந்து கொடுப்போம். ஆனால் வரத்துக்காலை வீட்டுமனைகள் அடைத்திருந்தால், எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் வந்து சேராது. கடிதத்தில் இது தெரியாது. நடந்து பார்த்தால் தெரியும். குடத்தோடு காத்திருக்கும் பெண்களைக் கேட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகவே, கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போம்.

முதலாவது, தேவையைச் சொன்னது யார்? பெண்களையும் கூலி வேலை செய்வோரையும் அடுத்த தெருவின் பிற சமயத்தாரையும் கேட்டார்களா? ஊராட்சி என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே இது பேசப்பட்டதா?

இரண்டாவது, அரசின் பங்கு என்ன? தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால், மீதியை அரசு தருகிறது. அந்த வழி இருக்கையில் முழுச் செலவையும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கட்டி முடித்த பின் மின்கட்டணத்தையும் மோட்டார் பழுதையும் யார் பார்ப்பது?

நான்காவது, பணம் சட்டப்படி போகிறதா? நாம் மலேசியக் குடிமக்கள். இந்தியாவிலுள்ள ஓர் அமைப்புக்கு நாம் தரும் நன்கொடை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது.

நம் பேரப்பிள்ளைகளில் பலருக்கு அந்த ஊரின் பெயர் மட்டுமே தெரியும். நாளை அவர்கள் அனுப்பாமலும் போகலாம். அப்போதும் ஊருணியில் தண்ணீர் இருந்தால்தான் அது நீடித்த வளர்ச்சி. வரும் பள்ளி விடுமுறையில் ஊர் செல்லும் பிள்ளைகளை, கல்யாண வீட்டோடு திரும்பிவிடாமல், ஒரு நாள் ஊருணிக்கரையையும் அரசுப் பள்ளியையும் சுற்றிவரச் சொல்வோம். பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வரட்டும். அடுத்த செயற்குழுவில், ஊரிலிருந்து வரும் கடிதத்தோடு அந்தக் குறிப்பையும் மேசையில் வைத்து முடிவெடுப்போம்.