திரையில் வெண்பனி, தெருவில் கூதிர்மழை

(மழலையர் கல்வி பற்றிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



துலை, நளித் திங்கள்களில் (ஐப்பசி, கார்த்திகை) தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் பள்ளிகளுக்கு மழைவிடுமுறை விடப்படுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. அத்தகைய விடுமுறை நாளொன்றில், ஐந்து அகவைக் குழந்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கைப்பேசியில் பருவங்கள் பற்றிய காணொளி ஒன்றைப் பார்க்கிறது. தெருவில் முழங்காலளவு நீர் ஓடுகிறது. கூரை விளிம்பினின்று தாரைதாரையாக மழை வீழ்கிறது. திரையிலோ நான்கே பருவங்கள். ஒன்றில் பூ மலர்கிறது. ஒன்றில் வெயில் எரிக்கிறது. ஒன்றில் செந்நிற இலைகள் உதிர்கின்றன. ஒன்றில் வெண்பனி கொட்ட, பிள்ளைகள் பனியுருவம் செய்து அதற்குத் தொப்பி அணிவிக்கிறார்கள். மழைக்கென்று ஒரு பருவமே அதில் இல்லை. எந்தப் பருவத்தின் பொருட்டுப் பள்ளி மூடப்பட்டதோ, அந்தப் பருவம் அக் குழந்தை கற்கும் பாடத்தில் இல்லை! இதனினும் பெரிய முரண் வேறு உண்டோ?

அக் காணொளி பொய் சொல்கிறது என்பதன்று குற்றச்சாட்டு. அது மெய்யே சொல்கிறது. ஆனால் இன்னொரு நிலத்தின் மெய்யைச் சொல்கிறது. இலண்டன் மாநகர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 51 பாகைக்கும் மேல் அமைந்துள்ளது. அங்கு ஆண்டின் நெடும்பகல் பதினாறரை மணி நேரம். குறும்பகலோ எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. ஆகலின், வெயிலின் மிகுதியும் குறைவுமே அங்குப் பருவங்களைப் பிரிக்கும் அளவுகோல். சென்னையோ 13 பாகையில் உள்ளது. இங்கு நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடே உண்டு. இங்குப் பருவங்களைப் பெரிதும் பிரித்துக் காட்டுவன காற்றும் மழையுமே. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்கு மலைத்தொடர் தடுத்துக்கொள்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதி மழைமறைவு நிலமாகிறது. பின்னர்க் காற்றுத் திசைமாறி, வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கினின்று வீசுகிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று திங்கள்களில் பெய்துவிடுகிறது. இந் நிலத்தின் ஏரியும் வயலும் வாழ்வும் அம் மழையால் நிற்பன. அதனைப் பெயரின்றி விட்டுவிட்டுப் பருவம் கற்பிப்பது, தாயின் பெயரைச் சொல்லாமல் குடும்பம் கற்பிப்பது போன்றதன்றோ?

இனி, அக் காணொளிகளைத் தமிழ்ப்படுத்தும்போது நேரும் இடரையும் எண்ணிப் பாருங்கள். வெண்பனி கொட்டும் காட்சியைக் காட்டிப் 'பனிக்காலம்' என்கிறார்கள். பனி என்பது தமிழில் விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. சிலைத் திங்களில் (மார்கழி) தெருவிளக்கைச் சுற்றித் தேங்கும் மென்படலம். உதகையின் புல்வெளிகளில் படிவது உறைபனி. வானினின்று பஞ்சுபோல் இறங்குவது வெண்பனி. இம் மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், குழந்தை தான் காலையில் காலால் தொட்ட பனியைப் பனியன்று என்று எண்ணத் தொடங்கும். அவ்வாறே 'இலையுதிர்காலம்' என்பதும் ஆங்கிலப் பெயரின் நிழல். அந் நாடுகளில் குளிர் நெருங்கப் பகல் குறுகி, பச்சையம் சிதைந்து இலைகள் நிறம்மாறி உதிர்கின்றன. இங்கு வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். குளிருக்கு அஞ்சியன்று, வறட்சிக்கு அஞ்சி. வெயில் ஏற ஏறவே அது செந்தளிர் விட்டுப் பூக்கிறது. முள்ளிலவம் இலை முழுதும் உதிர்த்த வெறுங்கிளையில் செம்மலர் தாங்குவதும் அக் காலத்தேதான். இதனைக் கண்ணால் கண்ட குழந்தை, 'கோடைக்குப் பின் இலையுதிரும்' என்று தேர்வில் எழுதினால்தான் மதிப்பெண் பெறும் எனில், கல்வி அக் குழந்தைக்குக் கற்பிப்பது யாது? தன் கண்ணை நம்பாதே என்பதையே!

தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மடங்கல், கன்னி (ஆவணி, புரட்டாசி) கார். துலை, நளி கூதிர். சிலை, சுறவம் (மார்கழி, தை) முன்பனி. கும்பம், மீனம் (மாசி, பங்குனி) பின்பனி. மேழம், விடை (சித்திரை, வைகாசி) இளவேனில். ஆடவை, கடகம் (ஆனி, ஆடி) முதுவேனில். தொல்காப்பியர் இவற்றை நிலத்தோடும் வாழ்வோடும் இணைத்து, முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் உரியன என வகுத்தார். குளிரையே கூதிர், முன்பனி, பின்பனி என மூவகையாகப் பிரித்தறிந்த நுட்பம் எண்ணத்தக்கது. மழைக்குளிர் வேறு, மாலையிலேயே தொடங்கும் பனி வேறு, பின்னிரவில் இறங்கும் பனி வேறு என்பது வானத்தைப் பன்னெடுங்காலம் உற்றுநோக்கியவர்க்கே புலப்படும்.

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்லல் வேண்டும். நான்கு ஆங்கிலப் பெயர்களை உருப்போடச் செய்வதற்கு மாற்றாக ஆறு தமிழ்ப் பெயர்களை உருப்போடச் செய்வது கல்வி ஆகாது. முன்னோர் நோக்கி அறிந்தனர். பிள்ளைகளும் நோக்கியே அறிதல் வேண்டும். சென்னைக் குழந்தைக்குப் பெருமழை கூதிரில் வருகிறது. குற்றாலத்துக் குழந்தைக்கோ ஆனி, ஆடியிலேயே சாரல் தூவுகிறது. ஆறு பெயர்களும் சட்டகம். அதனுள் எதை நிரப்புவது என்பதை அவ்வவ்வூர் வானமே சொல்லும். நூலையும் வானத்தையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்கும் குழந்தையே நூலுக்கும் பெருமை சேர்க்கும் குழந்தை.

அவ்வாறாயின் காணொளியே வேண்டாவோ எனின், வேண்டும். கண் காணாததைக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. பருவங்கள் ஏன் மாறுகின்றன என்று கேட்டால், ஞாயிறு அருகில் வரும்போது வேனில், விலகும்போது குளிர் என்று பெரியோரே பலர் விடை சொல்வர். அது பிழை. நிலவுலகு ஞாயிற்றுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது மார்கழியில். மிகத் தொலைவில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஆனியில்! நிலவுலகின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதே பருவமாற்றத்திற்கு அடிப்படை. அச் சாய்வால்தான் வடபாதி ஞாயிற்றை நோக்கும்போது தென்பாதி விலகிநிற்கிறது. அதனால்தான் இலண்டனில் வெண்பனி பெய்யும் நாளில் ஆத்திரேலியாவில் வெயில் காய்கிறது. இதனைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் வரைந்து விளக்குவதினும், சுழலும் உருண்டையைத் திரையில் இரண்டு மணித்துளி காட்டுவது தெளிவு தரும்.

ஆகவே, முறைதான் மாறவேண்டும். முதலில் கண், பின்னரே திரை.

பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நேராக நடுங்கள். கிழமைதோறும் நண்பகலில் அதன் நிழல்நுனியைப் பிள்ளைகள் குறிக்கட்டும். மார்கழியில் வடக்கே நீண்டு கிடக்கும் நிழல் மெல்லமெல்லக் குறுகும். சென்னையில் சித்திரை பத்தாம் நாளை ஒட்டி நிழல் அடியில் ஒடுங்கி மறையும். பின்னர்த் தெற்கே திரும்பும். ஆவணித் தொடக்கத்தில் மீண்டும் மறைந்து வடக்கே செல்லும். இடையில் விடுமுறை வந்தால் வீட்டு முற்றம் பயன்படட்டும். இலண்டன் குழந்தை தன்னூரில் என்றும் காணவியலாத காட்சி இது! நேர்ச்சுவருள்ள ஏனம் ஒன்றை வெளியில் வைத்து, பெய்த மழையை அளந்து எழுதட்டும். வேப்பமரம் ஒன்றைத் திங்கள்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஆசிரியர் தம் கைப்பேசியில் ஒரு மணித்துளி படமெடுக்கட்டும். ஆண்டின் முடிவில் அப் பன்னிரண்டையும் இணைத்தால், பன்னிரண்டு மணித்துளியில் ஓராண்டு ஓடும். தளிரும் பூவும் பழமும் உதிரிலையும், முதன்மழைக்குப் பின் பறக்கும் ஈசலும், அம் மரத்தடியில் விளையாடும் அதே பிள்ளைகளும் அதில் இருப்பர். அதுவே அப் பள்ளியின் பருவக் காணொளி.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கப்பெற்றது. காணொளி எடுக்கும் கருவி இன்று பல வீடுகளில் உள்ளது. ஆகலின் வாய்ப்பில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. மனமில்லை என்பதே மெய்.

நான்கு பருவங்களையும் பிள்ளைகள் அறியட்டும். அவை இன்னின்ன நாட்டுக்கு உரியன என்னும் பெயரோடு அறியட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகள் நிறைய, வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருகின்றன. வட ஆசியாவின் கடுங்குளிர் தாங்காது வரும் வாத்தினங்களும் அவற்றுள் உண்டு. அங்குள்ள வெண்பனியே இங்குள்ள பறவை வரவுக்கு ஏது என்று காட்டினால், இரு நிலத்துப் பருவங்களும் ஒரே வானத்தின் கீழ் இணைவதைக் குழந்தை உணரும். கனடாவில் வாழும் தமிழ்க் குழந்தைக்கோ வெண்பனியே அன்றாட வாழ்வு. அதற்கு வெண்பனி, உறைபனி என்னும் தமிழ்ச் சொற்களை அளிப்பதும் இப் பணியின் ஒரு கூறே.

இது வெறும் பெயர்ப் பூசல் அன்று. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019-ஆம் ஆண்டின் வேனிலில் அதே சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. வரும் மழையைத் தேக்கவும் வழிவிடவும் அறியாத ஊர் இரண்டு துன்பத்தையும் மாறிமாறி அடையும். நாளை அவ் வேரிகளைக் காக்கவேண்டியவர்கள் இன்று திண்ணையில் கைப்பேசியோடு அமர்ந்துள்ள பிள்ளைகளே.

மழைவிடுமுறை நாளில் அக் குழந்தையின் கையினின்று கைப்பேசியைச் சற்றே வாங்கி வையுங்கள். வாயிலுக்கு அழைத்துச் சென்று, வீழும் மழையில் அதன் கையை நீட்டச் செய்யுங்கள். "இதன் பெயர் கூதிர்" என்று சொல்லுங்கள். பின்னர்த் திரையைத் திறக்கலாம்.