செவிய்யாவும் தனிப் பயணியும்

தனியாக விடுமுறைக்குச் செல்பவருக்கு ஏற்ற நகரங்களுள் தென் ஸ்பெயினின் செவிய்யாவை முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் பேராலயமோ அல்காசர் அரண்மனையோ அன்று. ஒருவருக்கு அளவான உணவை, ஒருவர் நின்று உண்ணும் இடத்தில், துணை எங்கே என்று கேளாமல் பரிமாறும் வழக்கம் அங்கே வேரூன்றியிருப்பதே காரணம். வலென்சியாவின் புகழ்பெற்ற பாயெயா, அதாவது அகன்ற தட்டையான சட்டியில் சமைக்கும் அரிசி உணவு, பல உணவகங்களில் குறைந்தது இருவருக்கென்றே தரப்படுவதால், தனித்து வந்தவர் அதை விட்டுவிட நேர்கிறது. செவிய்யாவிலோ தாபா எனப்படும் சிறு தட்டு உண்டு. அதே பண்டம் அரைப் பங்காகவும் முழுப் பங்காகவும் கிடைக்கும் என்றாலும், தனியாளுக்கு உரியது தாபாவே. ஒரு கடையில் ஒரு தட்டு, பிறகு நடை, பிறகு அடுத்த கடை என்பதே அந்நகரின் முறை.

நகரின் பழைய யூதக் குடியிருப்பான சாந்தா குரூஸ் அழகியது, ஆயினும் நெரிசல் மிக்கது. அதை ஒரு காலைப் பொழுதில் பார்த்து முடித்துவிடலாம். குவாதல்கிவிர் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள திரியானாவுக்கே நாள்களை ஒதுக்க வேண்டும். 1852இல் கட்டி முடிக்கப்பட்ட இரும்புப் பாலத்தைக் கடந்தவுடன் எதிர்ப்படும் சந்தை, ஒருகாலத்தில் சமய விசாரணை மன்றம் இயங்கிய சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள்மீது அமைந்தது. அதற்கப்பால் குயவர்களும் மாலுமிகளும் ஃபிளமெங்கோ பாடகர்களும் வாழ்ந்த தெருக்கள் தொடங்குகின்றன.

இந்நகரின் சிறு தட்டுகளுள் தலையாயது எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ், அதாவது பசலையினக் கீரையும் வெள்ளைக் கொண்டைக்கடலையும் சேர்ந்த கூட்டு. பெயரைக் கேட்டு எளிய பண்டம் என்று கடந்துபோகிறவர்கள் அதன் நுட்பத்தை அறியாதவர்கள். ரொட்டித் துண்டுகளையும் பூண்டுப் பற்களையும் ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சீரகத்தோடு கல்லுரலில் இடித்து, மிளகாய்ப்பொடியின் இனிப்பு வகையான பிமென்தோனும் சிறிது வினிகரும் கலந்து எடுப்பது மஹாதோ என்னும் விழுது. இந்த விழுதே கூட்டைக் கெட்டியாக்குகிறது. இந்த விழுதே கீரையின் பச்சை வாடையை அடக்குகிறது. மீண்டும் சொல்லத் தக்கது, இந்த விழுது சரியாக அமையாவிட்டால் மற்றவை எவ்வளவு தரமானவையாயினும் பயனில்லை. ரொட்டி கருகினால் கசப்பு முந்தும். வினிகர் மிகுந்தால் சீரகம் மறையும். 1670 முதல் நடந்துவருவதாகச் சொல்லப்படும் எல் ரின்கோன்சியோ என்னும் கடையில், பார்ரா எனப்படும் நெடிய பரிமாறு மேசையருகே நின்று இதைக் கேட்டால், பரிமாறுபவர் கணக்கை அம்மேசையின் மரப்பலகையிலேயே சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பார்.

ஒரே மாலையில் பத்துக் கடைகளை ஒருவர் பின்னால் கூட்டமாகச் சுற்றி, பத்துத் தட்டுகளையும் படமெடுத்துத் திரும்பும் இன்றைய நாகரிகம் தாபாவைச் சுவைக்கும் கலைக்குப் பெருங்கேடு. அவ்வாறு சுற்றுபவருக்குத் தட்டுகள் நினைவிருக்கலாம், மஹாதோவின் வேறுபாடு பிடிபடாது. அதே கூட்டை மூன்று கடைகளில், மூன்று நாள்களில், தனியாக நின்று உண்டு ஒப்பிடுபவரே செவிய்யாவைச் சுவைத்தவர். பகலுணவு இரண்டு மணிக்கு மேல்தான், இரவுணவு ஒன்பதை ஒட்டித்தான் என்பதால் பசியை அதற்கேற்பப் பழக்கிக்கொள்ள வேண்டும். வெப்பம் 40 பாகையைத் தாண்டும் கோடையைத் தவிர்த்து, கீரை இளசாகக் கிடைப்பதும் கிறித்தவர்களின் தவக்காலத்தில் இக்கூட்டு பெரிதும் விரும்பப்படுவதுமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செல்வதே உத்தமம்.