முயல் வளர்க்க ஆசையா? முதலில் ஒரு கோடையைத் தாண்டுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் சில வீட்டுப் பிள்ளைகள் முயல் கேட்கிறார்களாம். "சார், நீங்கதான் வளர்த்தீங்களே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் செயலாளர். வளர்த்தேன், உண்மைதான். எப்படி வளர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றேன். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேரப்பிள்ளைகளுக்காக ஓர் ஐப்பசியில் இரண்டு குட்டிகள் வாங்கி வந்தேன். "ரெண்டும் பொட்டைதான்" என்றார் விற்றவர். நம்பினேன். மாசியில் ஒரு நாள் காலையில் பால்கனித் தரையில் ஐந்து குட்டிகள் கிடந்தன. உடம்பில் முடி இல்லை, கண் திறக்கவில்லை. படுக்கப் பெட்டியும் வைக்கவில்லை. மூன்று இறந்துவிட்டன. ஆணைப் பிரிக்க வேண்டும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பெண் முயல் குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகும். சரியாக 31 நாளில் இன்னும் ஏழு குட்டிகள். இரண்டு முயல் பதினொன்று ஆயிற்று. கீழ் வீட்டுக்காரர் சிறுநீர் வாடை என்று புகார் சொன்னார். அவர் சொன்னது நியாயம்.

பிறகு அக்னி நட்சத்திரம் வந்தது. எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. ஒரே மதியத்தில் தாயும் இரண்டு குட்டிகளும் போய்விட்டன. சின்னப் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அதுக்கு வேர்க்காதா?" வேர்க்காது கண்ணு. முயலுக்கு வியர்வை இல்லை. காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல். சின்னசேலத்து மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன்: முதல் வருஷம் குட்டி எடுக்காதீர்கள். முயலோடு ஒரு கோடையைக் கடந்து காட்டுங்கள். பிறகு பார்க்கலாம்.

வாங்கும்போது

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்யுங்கள். குட்டியில் கண்டுபிடிப்பது கடினம். மூன்று மாதம் ஆகும்போது மீண்டும் ஒருமுறை பாருங்கள். சேலம் சாலையில் தலைவாசல் வி.கூட்டுரோட்டில் 2021-ல் திறந்த கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்குப் பக்கம்தான். முயல் வாங்கும் முன்பே அங்கே போய்க் கேட்டு வாருங்கள்.

நல்ல இனம் வேண்டுமென்றால் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் அங்கே உண்டு. வளர்ந்தால் நான்கு கிலோவை எட்டும். ஆனால் அது குளிர்ந்த மலை. அங்கே வளர்ந்ததைச் சித்திரையில் இங்கே கொண்டு வந்தால் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொண்டு வாருங்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் யாராவது காட்டு முயலைப் பிடித்து விற்றால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அது வேறு இனம். வீட்டு முயலோடு சேர்ந்து குட்டியும் போடாது.

வீட்டில்

கூண்டு 3 அடிக்கு 2 அடிக்குக் குறையக் கூடாது. தினமும் ஒரு மணி நேரமாவது தரையில் ஓட விடுங்கள். கூண்டுக்கு அடியில் தட்டு வைத்துத் தினமும் கழுவுங்கள். வாடை இல்லாவிட்டால் புகாரும் இல்லை. பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் புல்தான் முக்கியத் தீனி. வேலிமசால், குதிரைமசால், அகத்தி கொடுக்கலாம். ஈரப்புல், பிஸ்கட், வெங்காயம் வேண்டாம். அரை நாள் எதுவும் தின்னாவிட்டால் அவசரம். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை முயலுக்குத் தடவவே தடவாதீர்கள். சிலவற்றில் உள்ள ஃபிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும்.

கோடையில் கூண்டைக் கூடத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

குட்டி எடுக்க

ஒரு கோடையைக் கடந்தாயிற்றா? இப்போது ஒரு தாளை எடுங்கள். ஒரு ஈற்றில் ஆறு, ஏழு குட்டி வரும். ஒவ்வொன்றும் எந்த வீட்டுக்குப் போகும் என்று பெயர் எழுதுங்கள். தாள் நிரம்பவில்லையா, அந்த வருஷம் வேண்டாம். விற்பதாக இருந்தால் 2018-ன் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு தேவைப்படும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு போங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் சண்டை. சேர்ந்ததும் பிரித்துவிட்டுத் தேதியைக் குறியுங்கள். 27-ஆம் நாள் வைக்கோல் போட்ட பெட்டி உள்ளே போக வேண்டும். தாய் தன் மார்பு முடியைப் பிய்த்து மெத்தை போடும். தினம் ஒருமுறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். "பார்க்கவே மாட்டேங்குது" என்று பயப்படாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் குட்டிகள் கண் திறக்கும். வெயில் காலத்தில் ஆண் முயலுக்கு மலட்டுத்தன்மை வரும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் குட்டி பிறக்கிற மாதிரி கணக்கிடுங்கள்.

காட்சிக்கு வைக்க

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் 1910-லும், பிரிட்டிஷ் முயல் கவுன்சில் 1934-லும் தொடங்கின. அங்கே ஒவ்வோர் இனத்துக்கும் எடை, காது, முடி எல்லாவற்றுக்கும் அளவுகோல் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் காட்சிகளில் எனக்குப் பிடித்தது பிள்ளைகளுக்கான ஒரு போட்டி. அதில் மதிப்பெண் முயலின் அழகுக்கு இல்லை. பிள்ளை முயலை எப்படித் தூக்குகிறது, பல், காது, நகத்தை எப்படிச் சோதித்துக் காட்டுகிறது, கேட்டதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதற்குத்தான்.

அதையே நாம் நம் பொங்கல் விழாவில் செய்யலாம். ஒரு மேசை, மேலே கோணி, நிழலான இடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் முயலையும், அதற்கென வைத்திருக்கும் நோட்டையும் கொண்டு வரட்டும். வாராந்திர எடை, தீனி, கூண்டு கழுவிய நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கொண்டு வரும்போது காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மார்புக்கு அடியில் ஒரு கை, பின்னங்காலுக்கு அடியில் ஒரு கை.

முயல் பத்து வருஷம்கூட வாழும். இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் அது உங்கள் வீட்டில் இருக்கும். அன்றைக்குத் தீனி வைக்கப் போவது நீங்கள்தான். அதற்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள்.

என் வீட்டில் இப்போது இரண்டு பெண் முயல்கள். மருத்துவரிடம் இரண்டு முறை காட்டிவிட்டேன். வந்து பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.