விமானியின் மனக்கணக்கு

காற்றுக்குப் பெயரிடுவதில் தமிழருடைய வழக்கம் ஒன்று கவனித்தற்குரியது. வடக்கேயிருந்து வருவது வாடை. தெற்கேயிருந்து வருவது தென்றல். கிழக்கேயிருந்து வருவது கொண்டல். மேற்கேயிருந்து வருவதைக் கச்சான் என்பர். காற்று எங்கே போகின்றது என்பதன்று, எங்கேயிருந்து வருகின்றது என்பதே அதற்குப் பெயராகின்றது. உலகெங்கும் விமானம் ஓட்டுவோர் கையாளும் முறையும் இதுவே. "காற்று 250 பாகை, 18 நொட்" என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் அறிவிக்குமாயின், மேற்குக்குச் சற்றுத் தெற்கேயுள்ள திசையிலிருந்து, மணிக்குப் பதினெட்டுக் கடல்மைல் வேகத்தில் காற்று வருகின்றது என்பது பொருள். வடக்கு 360 பாகை. அதிலிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போனால் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 ஆகும்.

இந்த அறிவிப்பைக் கேட்ட விமானி செய்யவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வீசுங் காற்றில் எவ்வளவு பங்கு தமக்கு எதிரே வருகின்றது, எவ்வளவு பங்கு பக்கவாட்டில் மோதுகின்றது என்பதை அவர் அறிதல் வேண்டும். எதிர்காற்று நண்பன், தரையிறங்கும் வேகத்தைத் தணித்து, ஓடவேண்டிய தூரத்தையும் குறைக்கும். பக்கக்காற்றோ விமானத்தைப் பாதையைவிட்டுத் தள்ளும். இக்காலப் பெரிய விமானங்களிலே கணனிகள் இவற்றைத் திரையிற் காட்டிவிடுகின்றன. ஆயினும் சிறிய பயிற்சி விமானங்கள் பலவற்றில் அவ்வசதி இல்லை. ஒரு கை சுக்கானிலும் மறு கை விசைப்பிடியிலும் இருக்க, தாளும் பென்சிலும் எடுத்து எழுத நேரமும் இல்லை. ஆகவே மனக்கணக்கே துணை.

முதலில் ஓடுபாதையின் எண்ணைப் பார்ப்போம். ஓடுபாதை நோக்குந் திசையைக் காந்த வடக்கிலிருந்து பாகையில் அளந்து, அதைக் கிட்டிய பத்துக்கு ஆக்கி, இறுதிச் சுழியை நீக்கிவிட்டால் அதுவே ஓடுபாதையின் எண். கட்டுநாயக்காவிலும் இரத்மலானையிலும் ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதப்பட்டிருக்கும். அதாவது, ஒரு பக்கமாகச் சென்றால் ஏறக்குறைய 40 பாகை, வடகிழக்கு. மறுபக்கமாகச் சென்றால் 220 பாகை, தென்மேற்கு. பலாலியில் இவை 05, 23 ஆகும். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆண்டைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு தீவில் ஓடுபாதைகள் இவ்வாறு அமைந்திருப்பது வியப்பன்று. கச்சான் காலத்தில் 22ஆம் பாதையும் வாடைக் காலத்தில் 04ஆம் பாதையும் பெரும்பாலும் எதிர்காற்றைத் தரும்.

காந்த வடக்கு ஓரிடத்தில் நிற்பதன்று. மெல்ல மெல்ல நகர்வது. அதனால் ஓடுபாதை அசையாதிருக்க, அதன் பெயர் மாறுவதும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05, 23 என்றிருந்த எண்களை 2009ஆம் ஆண்டில் 04, 22 என்று மாற்றி எழுத நேர்ந்தது.

ஒரு முனையின் எண் தெரிந்தால் மறுமுனையின் எண்ணைக் காண 180 பாகையைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். அவசரத்தில் 180ஐக் கூட்டுவதிற் பிழை வருவது எளிது. ஆகையால் விமானிகள் 200ஐக் கூட்டி 20ஐக் கழிப்பர். கூட்ட இடமில்லையெனில் 200ஐக் கழித்து 20ஐக் கூட்டுவர். 40 பாகையோடு 200 சேர 240. அதில் 20 போக 220. 310இலிருந்து 200 போக 110. அதனோடு 20 சேர 130. சிறு பிள்ளையும் செய்யக்கூடிய கணக்குத்தான். ஆயினும் எண்ணையும் திசையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியதன் விளைவு மிகக் கொடியதாகலாம்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆந் திகதி, பொழுது புலருமுன், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் விமான நிலையத்தில் ஐம்பது பேரைக்கொண்ட விமானமொன்று புறப்பட ஆயத்தமாயிற்று. அதற்கு அனுமதிக்கப்பட்டது 22ஆம் பாதை. நீளம் ஏறக்குறைய 7,000 அடி. அது திரும்பியதோ 3,500 அடி நீளமே உள்ள 26ஆம் பாதையில். இரண்டு எண்களுக்குமிடையே வேற்றுமை நான்கு; திசையில் நாற்பது பாகை. விமானத்தின் மூக்கு 220ஐ நோக்குகின்றதா என்று திசைகாட்டியை ஒருமுறை ஒப்புநோக்கியிருந்தால் தவறு வெளிப்பட்டிருக்கும். அது நடைபெறவில்லை. பாதை முடிந்துவிட, விமானம் அப்பாலுள்ள நிலத்தில் மோதியது. நாற்பத்தொன்பது பேர் மாண்டனர்; துணைவிமானி ஒருவரே உயிர் தப்பினார்.

எண் ஒன்றே போதும் என்று கொள்வதும் தவறு. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி தாய்ப்பேயில், புயற்காற்றும் மழையுமான இரவொன்றில், சிங்கப்பூர் விமானம் ஒன்று 05 இடது என்னும் பாதைக்குப் பதிலாக, திருத்தவேலைக்காக மூடப்பட்டிருந்த 05 வலது என்னும் பாதையில் ஓடியது. இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமானவை. திசைகாட்டி இரண்டிலும் ஒன்றையே சொல்லும். 179 பேரில் 83 பேர் இறந்தனர். அத்தகைய இடத்தில் கண்ணும் விளக்குகளும் அறிவிப்புப் பலகைகளுமே துணைசெய்யவேண்டும்.

இனிப் பக்கக்காற்றின் கணக்குக்கு வருவோம். முறைப்படி செய்வதாயின், காற்றின் திசைக்கும் பாதையின் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் சைனை எடுத்துக் காற்றின் வேகத்தாற் பெருக்கவேண்டும். திரிகோணகணித அட்டவணையை வானத்துக்குக் கொண்டுபோக இயலாது. அதற்குப் பதிலாகக் கடிகார முகம் உதவுகின்றது. கோணம் 15 பாகையாயின் கால் மணி, 30 ஆயின் அரை மணி, 45 ஆயின் முக்கால் மணி, 60 அல்லது அதற்கு மேலாயின் முழு மணி. காற்றின் வேகத்தில் அந்தப் பங்கே பக்கக்காற்று. கால், அரை, முக்கால் என்று வாய்பாட்டிலே பழகிய தமிழ் மாணவனுக்கு இது புதியதன்று.

முன்னே சொன்ன காற்றையே கொள்வோம்: 250 பாகை, 18 நொட். பாதை 22, அதாவது 220. வேற்றுமை 30, அரை மணி. பதினெட்டிற் பாதி ஒன்பது நொட். 250 என்பது 220இலும் பெரிதாகையால், காற்று வலப்பக்கத்திலிருந்து வருகின்றது.

கணிதம் கற்றோர் இதைச் சரிபார்க்கப் புகுந்தால் ஒரு நயத்தைக் காண்பர். 30 பாகையின் சைன் சரியாக அரை. 45 பாகையின் சைன் 0.71, கடிகாரம் 0.75 என்கின்றது. 60 பாகையின் சைன் 0.87, கடிகாரம் ஒன்று என்கின்றது. கோணம் பெரிதாகும்போது பிழையும் பெரிதாகின்றது; ஆனால் அப்பிழை ஆபத்தைக் கூட்டிச் சொல்கின்றதே அன்றிக் குறைத்துச் சொல்வதில்லை. 15 பாகையில் மட்டும் மிகச் சிறிது குறைவு, அது பொருட்படுத்தத்தக்கதன்று.

எதிர்காற்றைக் காண்பதற்கும் இதே கடிகாரத்தைப் பயன்படுத்துவர். கோணத்தைத் தொண்ணூறிலிருந்து கழித்து அதே பங்கைக் கொள்வர். இங்கேதான் விழிப்பு வேண்டும். மேற்சொன்ன காற்றில் 90இல் 30 போக 60. ஆகவே முழு மணி, 18 நொட் எதிர்காற்று என்று விடை வரும். உண்மையில் அது பதினாறு நொட்டுக்கும் சற்றுக் குறைவு. அபாயத்தைப் பெரிதாக்கிக் காட்டிய அதே கணக்கு, நண்பனையும் பெரிதாக்கிக் காட்டுகின்றது. ஓடுபாதை குறுகியதாயின் அந்த விடையைச் சற்றுக் குறைத்துக்கொள்வதே விவேகம்.

இரத்மலானையில் தனியே பறக்கும் மாணவ விமானி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் ஓட்டுவது செஸ்னா 172 ஆகட்டும். அவ்வகை விமானங்கள் பலவற்றின் கைந்நூலில், சோதித்துக் காட்டப்பட்ட பக்கக்காற்று 15 நொட் என்றிருக்கும். கோபுரம், "காற்று 270, 14 நொட், வீச்சு 22" என்கின்றது. பாதை 22. வேற்றுமை ஐம்பது. ஐம்பது நிமிடம் என்பது ஆறில் ஐந்து பங்கு. சராசரிக் காற்றைக் கொண்டால் பக்கக்காற்று பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் இடையிடையே எழும் வீச்சை அல்லவா கணக்கில் எடுக்கவேண்டும்? இருபத்திரண்டில் ஆறில் ஐந்து பங்கு பதினெட்டைத் தாண்டுகின்றது. நுட்பமாகக் கணித்தாலும் ஏறக்குறைய பதினேழு வரும். விடை பதினேழா பதினெட்டா என்பது இங்கே பொருளன்று. பதினைந்துக்கு மேல் என்பதே பொருள். அதை இறங்குமுன் அறிந்தவர் வானிலே சற்றுக் காத்திருக்கலாம்; எரிபொருள் போதுமாயின் வேறு நிலையத்தை நாடலாம். தசமதானம் வரை சரியான விடையைத் தரையைத் தொட்ட பின் பெற்றவருக்கு அதனாற் பயன் இல்லை.

இன்னுமொரு கணக்கு உண்டு. பக்கக்காற்று ஒன்பது நொட் என்றால், விமானத்தின் மூக்கை எவ்வளவு காற்றின் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும்? வேகத்தை அறுபதால் வகுத்து, வரும் ஈவாற் பக்கக்காற்றை வகுத்தாற் பாகை கிடைக்கும். அறுபது நொட்டில் வரும் சிறு விமானத்துக்கு ஒன்பது பாகை. பக்கக்காற்று இருபது நொட்டாயிருக்க, 150 நொட்டில் வரும் பெரிய விமானத்துக்கு, இருபதை இரண்டரையால் வகுக்க எட்டுப் பாகை. கச்சான் பலமாக வீசும் நாட்களிலே விமானம் நண்டுபோற் பக்கவாட்டாக நகர்ந்து ஓடுபாதையை அணுகுவதைக் கண்டோர், அந்த எட்டுப் பாகையையே கண்டிருப்பர். சக்கரங்கள் தரையைத் தொடுவதற்குச் சில விநாடிகள் முன்னர், விமானி காலால் மிதித்து மூக்கைப் பாதைக்கு நேரே திருப்புகின்றார். அந்த வேளையில் அவர் எண்ணுவதில்லை. கோபுரம் கடைசியாகச் சொன்ன காற்றை நினைவில் வைத்து, கண்ணாற் பாதையைப் பார்த்துக் காலால் உணர்ந்தே ஓட்டுகின்றார்.